இண்டெக்ஸில் இருந்தாலே புளூசிப்பா? பார்த்ததையும் தெரிந்ததையும் சொல்லுங்கள்

பங்குச் சந்தைக் குறியீட்டில் (இண்டெக்ஸில்) ஒரு கம்பெனி இருந்தாலே அது புளூசிப், அதாவது நம்பகமான பெரிய கம்பெனி ஆகிவிடுமா என்பதுதான் கேள்வி. அதற்கு முன், புதிதாக வருபவர்கள் முதலில் தடுக்கி விழும் இடம் வெயிட்டேஜ், அதாவது குறியீட்டில் ஒவ்வொரு பங்குக்கும் உள்ள எடை. அமெரிக்காவின் டவ் ஜோன்ஸ் குறியீட்டில் 30 கம்பெனிகள். பங்கின் விலைதான் அங்கே எடை. 500-க்கு விற்கும் பங்கு ஒன்று, 50-க்கு விற்பது ஒன்று, இரண்டை மட்டும் வைத்து ஒரு குறியீடு போட்டுப் பாருங்கள். முதலாவது 10% ஏறினால் கூட்டுத்தொகை 550-லிருந்து 600; சுமார் 9% ஏற்றம். இரண்டாவது அதே 10% ஏறினால் 555. ஒரு சதவீதம்கூடத் தேறாது. இரண்டாவது கம்பெனி தொழிலில் பல மடங்கு பெரியதாக இருந்தாலும் இதே கணக்குதான். 2020 ஆகஸ்டில் ஆப்பிள் தன் பங்கை ஒன்றுக்கு நான்காகப் பிரித்ததும் டவ்வில் அதன் எடை சட்டென்று இறங்கிவிட்டது. கம்பெனியின் மதிப்பில் மாற்றமே இல்லை. பிரிப்பால் குறியீட்டெண் சரியாமலிருக்க, விலைகளின் கூட்டுத்தொகையை வகுக்கும் எண்ணான டிவைசரைத் திருத்திவிடுவார்கள். ஜப்பானின் நிக்கேய் 225-ம் விலைவழிக் கணக்குதான்.

*

இந்தியாவின் நிஃப்டி 50, சென்செக்ஸ், அமெரிக்காவின் எஸ் அண்ட் பி 500 மூன்றும் ஃப்ரீ ஃப்ளோட் சந்தை மதிப்பில், அதாவது சந்தையில் வாங்கி விற்கக் கிடைக்கும் பங்குகளின் மதிப்பில் ஓடுபவை. 100 கோடி பங்குகளில் 60 கோடி புரமோட்டர் (கம்பெனியைக் கட்டுப்படுத்தும் நிறுவனர் தரப்பு) கையில் இருந்தால், மீதி 40 கோடியை விலையால் பெருக்கியதுதான் கணக்கில் வரும். இதில் விலை ஏற ஏற அந்தப் பங்கின் எடையும் தானாகக் கூடும். 50 கம்பெனி இருக்கிறதே, பணம் நன்றாகப் பரவியிருக்கும் என்று நம்பிவிட வேண்டாம். குறியீட்டின் விவரத்தாளான ஃபேக்ட் ஷீட்டில் முதல் பத்துப் பங்குகளின் எடையைக் கூட்டுங்கள். நிஃப்டி பங்குகளை அதே எடையில் வாங்கி வைக்கும் இண்டெக்ஸ் ஃபண்டும் வைத்துக்கொண்டு பெரிய வங்கிப் பங்குகளைத் தனியாகவும் வாங்கினால், ஒரே துறையில் இரண்டு முறை பணம் போடுகிறீர்கள்.

*

தலைப்புக் கேள்விக்கு வருகிறேன். ஐடி கம்பெனியான சத்யம், மேலே சொன்ன இரண்டு இந்தியக் குறியீடுகளிலும் இருந்த பங்கு. 2009 ஜனவரி 7 அன்று கணக்கு மோசடி வெளியே வந்ததும் ஒரே நாளில் விலையில் முக்கால் பங்குக்கு மேல் கரைந்தது. குறியீட்டிலிருந்து தூக்கியது அதற்குப் பிறகுதான். குறியீட்டுக் குழு உங்களுக்காகக் காவல் நிற்பதில்லை. அடி விழுந்த பின்தான் பெயரை அடிக்கும். டவ்வில் இருந்த பழைய பெருமையும் காப்பாற்றாது: கேமரா ஃபிலிம் கம்பெனி கோடாக் 2004-ல் அங்கிருந்து போனது, 2012-ல் திவால் மனு போட்டது.

அதனால் ஆண்டறிக்கையில் பணப்புழக்க அறிக்கையைத் திறந்து, செயல்பாட்டிலிருந்து பத்து வருடத்தில் வந்த பணத்தை அதே பத்து வருட நிகர லாபத்தோடு ஒப்பிடுங்கள். லாபம் ஏறிக்கொண்டே போய், பணம் வராமலே இருந்தால் வசூலாகாத பாக்கியோ சரக்குத் தேக்கமோ அதைவிட மோசமானதோ இருக்கலாம். வங்கியில் ஏராளமான ரொக்கம் என்று காட்டினால், வட்டி வருமானம் அதற்கு ஏற்றபடி இருக்கிறதா என்றும் பாருங்கள். சத்யத்தில் இல்லாத ரொக்கத்தைத்தான் இருப்பாகக் காட்டியிருந்தார்கள். புரமோட்டர் பங்குகளில் எவ்வளவு அடகில் இருக்கிறது என்பதையும் விடாதீர்கள். (வங்கிகளுக்கு இந்தப் பணப்புழக்கச் சோதனை பொருந்தாது, அங்கே வாராக்கடன் விகிதமும் மூலதன விகிதமும்தான்.)

*

மேலே சொன்னதோடு விலையையும் சேர்க்க வேண்டும். நல்ல கம்பெனி என்பதற்காக எந்த விலைக்கும் வாங்கலாம் என்ற நினைப்பு ஆபத்து. நிக்கேய் 1989 டிசம்பரில் 38,915-ஐத் தொட்டது. அந்த உச்சத்தைத் தாண்ட 2024 பிப்ரவரி வரை ஆனது. அத்தனை பெரிய கம்பெனிகள் இருந்தும்தான்.

இன்னொன்று, டிவியில் ஓடும் நிஃப்டி எண்ணில் டிவிடெண்ட் சேராது. ஃபண்டின் வருமானத்தை அதோடு ஒப்பிட்டால் ஃபண்ட் ஜெயித்த மாதிரியே தெரியும். டிவிடெண்டும் சேர்ந்த, டிஆர்ஐ எனப்படும் மொத்த வருமானக் குறியீட்டோடு ஒப்பிடுங்கள். இண்டெக்ஸ் ஃபண்ட் அதைவிட வருடத்துக்கு எவ்வளவு பின்தங்குகிறது என்பதுதான் பார்க்க வேண்டிய எண். ஃபண்ட் வருடாவருடம் பிடிக்கும் செலவு விகிதத்தைவிட அந்த இடைவெளி ரொம்ப அதிகமென்றால் நிர்வாகம் சரியில்லை. ஈடிஎஃப் (பங்கு மாதிரியே சந்தையில் வாங்கி விற்கும் ஃபண்ட்) வாங்குபவர்கள் ஐநேவ், அதாவது ஒரு யூனிட்டின் அந்த நேரத்து மதிப்பைப் பார்த்து, விலையை நீங்களே குறிக்கும் லிமிட் ஆர்டர் போடுங்கள். வியாபாரம் குறைவான ஈடிஎஃப்பில், கிடைக்கும் விலைக்கு வாங்கும் மார்க்கெட் ஆர்டர் போட்டால் ஒரு வருடச் செலவை அந்த ஒரே ஆர்டரில் இழக்க நேரிடும்.