மூன்று உரம், மூன்று சராசரி: டி சோதனையை மூன்று முறை போடலாமா?

கேள்வி:
வேளாண்மை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். நிலக்கடலை விளைச்சல், உரத்துக்கு நான்கு பாத்தி, கிலோவில்:
அ: 20, 22, 21, 25
ஆ: 24, 26, 25, 29
இ: 23, 24, 25, 24
சராசரி 22, 26, 24 வருகிறது. இரண்டு சராசரிகளை ஒப்பிடும் டி சோதனையை இரண்டிரண்டாகப் போட்டேன். அது தவறு என்று சிவப்பு மையில் சுழித்துவிட்டார்கள். ராத்திரி முழுக்க யோசித்தும் காரணம் பிடிபடவில்லை. நாளை மறுபடி கொடுக்க வேண்டும்.

பதில் 1:
தம்பி, ஒவ்வொரு சோதனையிலும், இல்லாத வித்தியாசத்தை இருப்பதாகச் சொல்லித் தவறும் வாய்ப்பு 5% உண்டு. மூன்று முறை போட்டால் ஒரு முறையாவது தவறும் வாய்ப்பு கிட்டத்தட்ட 14% ஆகிவிடும். அதனால்தான் எல்லாச் சராசரிகளையும் ஒரே சோதனையில் ஒப்பிடும் அனோவா. புள்ளியியல் அறிஞர் ஃபிஷர் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் பண்ணையில் உர சோதனைகளுக்கே இதைப் பயன்படுத்தினார். சராசரியிலிருந்து விலகல்களை வர்க்கப்படுத்திக் கூட்டினால், உரக் குழுக்களுக்கு இடையே 32, குழுக்களுக்கு உள்ளே 30. 32ஐ 2ஆலும் (3 உரம் கழித்தல் 1) 30ஐ 9ஆலும் (12 பாத்தி கழித்தல் 3) வகுத்தால் 16, 3.33. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் எஃப் மதிப்பு 4.8. எஃப் அட்டவணையில் 5%க்கு எல்லை 4.26; நம் மதிப்பு அதைத் தாண்டுகிறது. ஆக, சராசரிகள் எல்லாம் சமம் என்பதை நிராகரிக்கலாம்.

கேள்வி கேட்டவர்:
சரி அண்ணா, புரிந்தது. எந்த உரம் வேறுபடுகிறது?

பதில் 2:
அதை எஃப் சொல்லாது. எல்லா ஜோடிகளையும் ஒரே எல்லையை வைத்து ஒப்பிடும் டூக்கி சோதனை போடுங்கள். சராசரிகளின் வித்தியாசம் தாண்ட வேண்டிய எல்லை 3.6 வரும். அ, ஆ வித்தியாசம் 4, தாண்டுகிறது. மற்ற இரண்டு ஜோடிக்கும் 2தான். அப்புறம், பாத்திகளுக்கு உரத்தைச் சீட்டுக் குலுக்கிக் கொடுத்தார்களா என்று கேள்வித்தாளில் பாருங்கள். வாய்க்கால் ஓரப் பாத்தி எல்லாம் ஒரே உரத்துக்குப் போயிருந்தால் இந்தக் கணக்கே நிற்காது.