சுஸுகா பந்தயமும் கியோட்டோ செர்ரிப்பூவும்: ஒரே பயணத்தில் சரிப்படுமா?

சுற்றும்சக்கரம்:
அடுத்த வசந்தத்தில் சுஸுகா ஓடுதளத்தில் நடக்கும் ஜப்பான் கிராண்ட் பிரீ, அதாவது ஃபார்முலா 1 கார் பந்தயம், பார்க்கப் போகலாம் என்றிருக்கிறேன். மனைவியும் பள்ளிக்குப் போகும் மகளும் கூட வருகிறார்கள். எனக்கு சுஸுகா, அவர்களுக்கு கியோட்டோ. வெள்ளி, சனி, ஞாயிறு பந்தயம். அப்புறம் நாலைந்து நாள் ஊர்சுற்றல். கியோட்டோவிலேயே அறை எடுத்துத் தினமும் போய்வரலாமா என்றும் ஒரு யோசனை. அலுவலக நண்பர் ஒருவர் ‘ரெண்டையும் சேர்த்தா ரெண்டும் கெடும்’ என்கிறார். போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

130ஆர்:
உங்கள் நண்பர் சொல்வதுதான் சரி. முதலில் தேதியைப் பாருங்கள். இலையுதிர்காலத்தில் நடந்துகொண்டிருந்த பந்தயத்தை 2024இலிருந்து வசந்தத்துக்கு மாற்றிவிட்டார்கள். ஆஸ்திரேலியா, சீனா, ஜப்பான் மூன்றையும் அடுத்தடுத்து வைத்தால் சரக்கு ஏற்றி இறக்கும் அலைச்சல் குறையுமாம். 2024இல் ஏப்ரல் 7, 2025இல் ஏப்ரல் 6, 2026இல் மார்ச் 29. கியோட்டோவில் பூ பார்க்க உலகமே வந்து இறங்கும் சமயம் அது. அறை வாடகையைப் பார்த்தால் தலை சுற்றும்.

இன்னொன்று. பந்தயம் என்பது ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் மட்டும் அல்ல. வியாழக்கிழமையே ரசிகர்கள் மெயின் ஸ்டாண்டில் வந்து உட்கார்ந்து, மெக்கானிக்குகள் டயர் மாற்றிப் பழகுவதைப் பார்த்துக் கைதட்டும் ஊர் அது. பந்தயக் காரின் பின்னிறகை அட்டையில் செய்து தொப்பியில் ஒட்டிக்கொண்டு வருவார்கள். நூலை இழுத்தால் இறகு நிஜக் காரில் போலவே திறந்து மூடும். அதையெல்லாம் விட்டுவிட்டு ‘ஆறு மணிக்குள் கியோட்டோ போகணும்’ என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் எதற்கு அவ்வளவு செலவு? பந்தயத்துக்குத் தனியாகப் போங்கள். குடும்பத்தை நவம்பரில் கூட்டிப்போங்கள், மேப்பிள் இலை சிவந்திருக்கும்.

ஓசாகா செல்வி:
நவம்பரில் கியோட்டோ காலியாக இருக்கும் என்று யார் சொன்னது, 130ஆர்? மேப்பிள் காலத்திலும் அதே கூட்டம், அதே வாடகை. நான் இங்கேதான் பல வருஷமாக இருக்கிறேன்.

சுற்றும்சக்கரம் அண்ணா, உங்கள் திட்டத்தில் தப்பில்லை, தங்கும் ஊர்தான் தப்பு. கியோட்டோவிலிருந்து தினமும் போய்வரவே வேண்டாம். ஷின்கான்சென் புல்லட் ரயிலில் நகோயா, அங்கே கின்டெட்சு ரயிலுக்கு மாறி ஷிரோகோ ஸ்டேஷன், அப்புறம் சர்க்யூட்டுக்குப் பஸ் என்று ஒரு வழிக்கே இரண்டு மணி நேரத்துக்கு மேல் போய்விடும். பந்தய நாட்களுக்கு நகோயாவில் தங்குங்கள். ஷிரோகோ அங்கிருந்து முக்கால் மணி நேரம்தான். திங்கட்கிழமை பெட்டியைக் கட்டுங்கள். கியோட்டோவுக்கு வார நாட்களில் போனால் கூட்டமும் கொஞ்சம் குறைவு, வாடகையும் வார இறுதியைவிடக் குறைவு.

பெட்டியைக்கூட நீங்கள் தூக்க வேண்டாம். ஹோட்டல் வரவேற்பில் யமாட்டோ கூரியர் சீட்டை எழுதிக் கொடுத்தால் மறுநாள் கியோட்டோ ஹோட்டலில் இருக்கும். கறுப்புப் பூனை குட்டியைக் கவ்விக்கொண்டு போகும் சின்னம், பார்த்தாலே தெரியும்.

டிவியே போதும்:
பெட்டி, பஸ், ரயில் எல்லாம் சரி. எதைப் பார்க்க இவ்வளவும்? 2025இல் அங்கே முதல் ஆறு பேரும் கிளம்பிய வரிசையிலேயே வந்து சேர்ந்தார்கள். 5.807 கிலோமீட்டர் ஓடுதளத்தில் உங்கள் கண்ணுக்குத் தெரிவது ஒரு வளைவு, மிஞ்சினால் இரண்டு. அந்தப் பணத்தில் கியோட்டோவில் இன்னும் சில நாள் இருந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஹோட்டல் அறையில் பந்தயத்தைப் பாருங்கள்.

130ஆர்:
2025 சப்பென்று போனது உண்மைதான். ஆனால் இதே சுஸுகாவில் 2005இல் ராய்க்கோனன் 17ஆவது இடத்திலிருந்து கிளம்பி, கடைசிச் சுற்றில் முதல் வளைவில் ஃபிசிகெல்லாவை வெளிப்பக்கமாகத் தாண்டி ஜெயித்தார். அதே பந்தயத்தில் நம்ம நரேன் கார்த்திகேயனும் ஜோர்டான் அணியின் காரில் ஓடினார். எது எந்த வருஷம் நடக்கும் என்று டிக்கெட்டில் அச்சடித்துத் தர மாட்டார்கள்.

ஒரு வளைவுதான் தெரியும் என்பதெல்லாம் டிவி பார்ப்பவர் பேச்சு. எஸ் வளைவுகளின் மேட்டில் உட்கார்ந்து பாருங்கள். முன்சக்கரம் இடம் வலம் இடம் என்று திரும்புவதும், டிரைவர் ஆக்ஸிலேட்டரை எங்கே விடுகிறார், எங்கே மிதிக்கிறார் என்பது காதில் கேட்பதும் எந்தக் கேமராவிலும் வராது.

பாதி டிக்கெட்:
எல்லாரும் அவருக்கே சொல்லிக்கொண்டிருக்கிறீர்களே, கூட வரும் அந்த அம்மாவையும் பிள்ளையையும் யாராவது கேட்டீர்களா? என் வீட்டுக்காரருக்கும் இந்தப் பைத்தியம் உண்டு, வேறொரு நாட்டுப் பந்தயத்துக்கு நானும் போயிருக்கிறேன். முதல் நாள் வேடிக்கையாக இருந்தது. இரண்டாம் நாள் வெயிலில் காதடைப்பானைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தவள், அடுத்த நாள் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

தம்பி, மூவருக்கும் மூன்று நாள் டிக்கெட் எடுக்காதீர்கள். வெள்ளிக்கிழமை நீங்கள் மட்டும் போங்கள், அவர்கள் நகோயா பார்க்கட்டும். ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறார்களா என்று அவர்களையே கேளுங்கள்.

ஓசாகா செல்வி:
அக்கா சொல்வது நியாயம். ஆனால் சுஸுகாவில் பிள்ளைகளுக்குப் பொழுது போகும். ஹோண்டா 1962இல் சோதனை ஓட்டத்துக்குக் கட்டிய இடமென்றாலும், ஓடுதளத்தை ஒட்டியே பெரிய ராட்டினத்தோடு ஒரு பொழுதுபோக்குப் பூங்கா இருக்கிறது. குட்டிப் பிள்ளைகள் ரேஸ் உடை மாட்டிக்கொண்டு திரிவார்கள்.

கோயில் பார்க்க கியோட்டோ வரை காத்திருக்கவும் வேண்டாம். ஷிரோகோவிலிருந்து அதே கின்டெட்சு பாதையில் தெற்கே ஒரு மணி நேரம் போனால் இசே பெருங்கோயில். 20 வருஷத்துக்கு ஒருமுறை பழைய மரக்கோயிலின் பக்கத்து மனையில் புதிதாக அப்படியே கட்டி, தெய்வத்தை மாற்றிவைக்கிறார்கள். கடைசியாக 2013இல், அடுத்தது 2033இல். நீங்கள் தகுதிச்சுற்று பார்க்கும் சனிக்கிழமை அவர்கள் அங்கே போய்வரலாம்.

பாதி டிக்கெட்:
மொழி தெரியாத ஊரில் பெண்ணும் பிள்ளையும் தனியாகவா?

ஓசாகா செல்வி:
தாராளமாக, அக்கா. ஸ்டேஷன் பெயர்ப் பலகை ஆங்கிலத்திலும் இருக்கும். நானே கைக்குழந்தையோடு போயிருக்கிறேன். சாப்பாடுதான் கொஞ்சம் பார்க்கணும். சைவமென்றால் ‘காய்கறி சூப்’ என்று போட்டிருப்பதை நம்ப வேண்டாம், மீன் சாறு பெரும்பாலும் உள்ளே இருக்கும்.

ஓய்வுபெற்ற கார்டு:
ரயில் விஷயத்தில் ஒன்று. ஜேஆர் நிறுவன ரயில்களில் இஷ்டம்போல் ஏறி இறங்கும் ஜேஆர் பாஸ் இருந்தால் எல்லாம் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். 2023 அக்டோபரில் 7 நாள் பாஸ் 29,650 யென்னிலிருந்து 50,000 யென் ஆனது. அதற்குமேல், கின்டெட்சு தனியார் ரயில். அதில் இந்தப் பாஸ் செல்லாது. சர்க்யூட்டுக்கு இன்னும் கிட்டத்தில் இருக்கும் இனோ ஸ்டேஷன் இசே ரயில்வேக்குச் சொந்தம், அங்கேயும் தனிக் கட்டணம். உங்கள் பயணம் நகோயா, இசே, கியோட்டோ என்று சுருங்கியது, டோக்கியோ பக்கமே போகவில்லை. அதற்குப் பாஸ் வீண். அப்போதைக்கப்போது டிக்கெட் எடுத்தால் போதும்.

ரயில் தெரியாதவன்:
ஐயா, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஷிரோகோவில் நெரிசல் எப்படி?

ஓய்வுபெற்ற கார்டு:
கயிறு கட்டி, ஒலிபெருக்கி வைத்து, வரிசை வரிசையாக விடுவார்கள். தள்ளுமுள்ளு கிடையாது, ஆனால் நிற்கணும். பஸ்ஸுக்கு ஒரு வரிசை, ரயிலுக்கு ஒரு வரிசை. இருக்கை ஒதுக்கும் சிறப்பு விரைவு ரயிலுக்கு முன்கூட்டியே டிக்கெட் எடுத்துவிடுங்கள், அன்றைக்குப் போய்க் கேட்டால் கிடைக்காது. அன்றிரவே கியோட்டோ போகணும் என்ற நினைப்பை மட்டும் விட்டுவிடுங்கள்.

130ஆர்:
பார்த்தீர்களா, கடைசியில் நகோயாவில் நான்கு இரவு. இதற்குப் பெயர் சுற்றுலாவா? மழையையும் யாரும் கணக்கில் எடுக்கவில்லை. 2019இல் ஹகிபிஸ் புயலால் சனிக்கிழமை முழுவதும் ரத்து, தகுதிச்சுற்றே ஞாயிறு காலைக்குப் போனது. அன்றைக்கு இசேயில் என்ன பார்த்திருப்பார்கள்? 2022இல் பந்தயம் தொடங்கிச் சற்று நேரத்தில் நிறுத்தி, இரண்டு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்து, 53 சுற்றில் 28தான் ஓடினார்கள்.

ஓசாகா செல்வி:
அந்த இரண்டுமே அக்டோபர் பந்தயங்கள்! வசந்தத்துக்கு மாற்றியதைத் திட்டிவிட்டு, இலையுதிர்காலப் புயலைக் கொண்டுவந்து பயமுறுத்துகிறீர்களே. ஏப்ரலில் மழை பெய்யலாம், புயல் வருவது அபூர்வம். ஒரு மழைக்கோட்டு போதும். ஸ்டாண்டில் குடை விரித்தால் பின்னால் இருப்பவருக்கு மறைக்கும்.

சுற்றும்சக்கரம்:
எல்லாருக்கும் நன்றி. மனைவிக்கு இந்தத் திரியை அப்படியே காட்டிவிட்டேன். இசேக்கு ‘சரி’, வெள்ளிக்கிழமை நகோயாவுக்கு ‘சரி’. ஞாயிற்றுக்கிழமை பற்றி மகள்தான் முடிவு சொன்னாள்: அந்த இறகுத் தொப்பியை அவளே செய்து போட்டுக்கொண்டு வருவாளாம். ஆக ஞாயிற்றுக்கு மூன்று டிக்கெட், வெள்ளி, சனிக்கு ஒன்று. ஞாயிற்றுக்கு மட்டும் மூன்று இருக்கை பக்கத்தில் பக்கத்தில் கிடைக்குமா? எனக்கு மட்டும் மூன்று நாள் டிக்கெட் எடுத்தால் தள்ளி உட்கார வேண்டிவருமோ?

130ஆர்:
தள்ளித்தான் வரும். எஸ் வளைவுப் பக்கம் நீங்கள், ராட்டினம் தெரியும் பக்கம் அவர்கள். அதுவும் நல்லதற்குத்தான்.

பாதி டிக்கெட்:
தம்பி, இவர் பேச்சைக் கேட்காதீர்கள். விற்பனை தொடங்கும் நாளே உட்கார்ந்து மூன்றையும் ஒரே வரிசையில் எடுங்கள். மற்ற இரண்டு நாளும் எங்கே வேண்டுமானாலும் உட்காருங்கள்.