கணக்கில் 620, அறையில் 548: கிடங்கு இருப்பு குறித்து ராமநாதபுரம் மாவட்ட ஊர்களிலிருந்து அனுபவப் பகிர்வு

மண்டபத்திலிருந்து

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கடலுக்குத் திரும்பிய முதல் வாரத்தில் நடந்தது இது. இரண்டு ஆண்டுகள் ஆகியும் மனத்தை விட்டு அகலவில்லை. எங்கள் இறால் குளிர்கிடங்கில் உள்ளே வரும் பெட்டிகளைக் கையடக்க ஸ்கேனரில் பதிகிறோம். அந்தப் பதிவு கிடங்கு மென்பொருளுக்கும், அங்கிருந்து அலுவலகத்தின் கணக்கு மென்பொருளான டேலிக்கும் போகும். அன்று அலுவலகத்தினர் திரையில் 620 பெட்டி இருப்பதைப் பார்த்து, 600 பெட்டிக்குப் பில் போட்டுக் கண்டெய்னரையும் வரவழைத்துவிட்டார்கள். 548 ஏறியதும் அறை காலியாகிவிட்டது. மைனஸ் 18 டிகிரியில் பேனா எழுதாது என்பதால் பென்சிலோடு உள்ளே நின்றுகொண்டு, பெட்டி அடுக்கும் பேலட் பலகைகள் வெறுமையாகக் கிடக்க, அவற்றை நான் இரண்டு முறை சுற்றிவந்தேன்.

வெளியே மேலாளர் சுமைப்பணியாளர்களை வரிசையாக நிறுத்தி, மீதிப் பெட்டிகள் எங்கே போயின என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர்களில் மூத்தவர், நாங்கள் எல்லோரும் அண்ணே என்று அழைப்பவர், ஒன்றும் பேசாமல் முன்னறைச் சுவரைக் கைகாட்டினார். பெட்டிகள் உள்ளே போன நாளில் அவர் சாக்பீஸால் ஐந்தைந்தாகக் கிழித்த கோடுகள் அங்கே இருந்தன. நான் கூட்டிப் பார்த்தேன்: 548. மேலாளர் அந்தச் சுவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. கம்ப்யூட்டர் தப்பாகக் காட்டுமா என்று மட்டும் கேட்டார்.

இரவு பதிவுகளை நேர வரிசைப்படி எடுத்துப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. ஒரே லாட் எண்ணில், அதாவது ஒரே தொகுதியாக வந்த சரக்கின் எண்ணில், 72 பெட்டிகள் 7.42 மணிக்கு ஒரு முறையும் 7.45 மணிக்கு இன்னொரு முறையும் வரவாகியிருந்தன. சிக்னல் அறுந்ததால் 'பதிவாகிவிட்டது' என்ற பதில் ஸ்கேனருக்கு வந்து சேரவில்லை. அது மறுபடியும் அனுப்பியிருக்கிறது. மென்பொருள் இரண்டையும் வாங்கிக்கொண்டிருக்கிறது. ஏறக்குறைய ஒன்றரை டன் இறாலைத் திருடியதாக ஒரு மனிதர் அன்று பகல் முழுவதும் சந்தேகிக்கப்படப் போதுமானதாக இருந்தது அந்த மூன்று நிமிடம்.

ராமநாதபுரத்திலிருந்து

நண்பர் சொன்னது மனத்தை வருத்துகிறது. ஆனால் எல்லா வித்தியாசமும் மென்பொருளால் வருவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நான் முண்டு மிளகாய் வத்தல் குடோனில் கணக்குப் பார்க்கிறேன். மாசி, பங்குனியில் வாங்கிப் போட்ட 310 மூட்டையை ஆடியில் விற்றபோது, மூட்டை எண்ணிக்கை ஒன்றுகூடக் குறையவில்லை. எடையில் மட்டும் 300 கிலோவுக்கு மேல் குறைந்திருந்தது. எடைமேடையில் ஒவ்வொரு மூட்டையாக ஏறியதும், 25 கிலோ என்று சீட்டு ஒட்டிய மூட்டை 24 கிலோவிலும் அதற்குச் சற்று கீழேயும் நின்றதும் இன்றும் கண்ணில் நிற்கிறது. சித்திரை, வைகாசி வெயிலில் வத்தல் காய்ந்திருக்கிறது, அவ்வளவுதான். கொள்முதல் மென்பொருள் கிலோவில் எழுதியது, குடோன் பதிவு மூட்டையில் எழுதியது. இரண்டும் தத்தம் அளவில் சரியாகவே இருந்தன. இடையில், காய்ந்து குறையும் எடைக்குக் காய்ச்சல் கழிவு என்று ஒரு தலைப்பை யாரும் திறந்து வைக்கவில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் அதே வத்தல் ஈரம் வாங்கி எடை கூடும் என்பதால், ஒரே விகிதத்தை ஆண்டு முழுவதற்கும் போட்டுவைப்பதும் சரிவராது.

2023 இல் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு, எங்களிடம் வாங்கும் வெளியூர் வியாபாரி ஒருவர் எந்த லாட் எந்த ஊர்ச் சரக்கு என்று கேட்கத் தொடங்கினார். மூட்டைகளை இடம் மாற்றி அடுக்கும்போது லாட் அட்டையும் கூடவே மாற வேண்டும் என்பதை அதற்குப் பிறகுதான் பணியாளர்களுக்குச் சொல்லிக்கொடுத்தோம்.

தொண்டியிலிருந்து

எங்களுக்கு வந்த சிக்கல் சிறியது, ஆனால் கண்டுபிடிக்கப் பதினோரு நாள் ஆனது. 00417 என்ற பொருள் எண்ணை எக்ஸெலில் ஒட்டியதும் அது 417 ஆகிவிட்டது. அந்தக் கோப்பை அப்படியே மென்பொருளில் ஏற்றியதால் ஒரே கயிற்றுச் சுருள் இரண்டு பொருளாகப் பிரிந்தது. விற்பனை ஒன்றில் கழிய, வரவு மற்றொன்றில் ஏறிக்கொண்டே இருந்தது. ஒன்று மைனஸ் 38 காட்டிய காலையில்தான் நான் விழித்துக்கொண்டேன்.

கீழக்கரையிலிருந்து

மண்டபத்து நண்பர் சிக்னலைக் குறை சொல்வதை நான் ஏற்கவில்லை. நம் கடற்கரையில் சிக்னல் அறுவது அன்றாட நிகழ்வு. அதை எதிர்பார்த்தே மென்பொருளை அமைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு பதிவுக்கும் ஸ்கேனரே ஒரு தனி எண் கொடுத்து, அதே எண் மறுபடி வந்தால் மென்பொருள் அதை ஒதுக்கிவிடும்படி செய்தால், பத்து முறை அனுப்பினாலும் இருப்பு ஒரு முறைதான் ஏறும். உங்கள் மென்பொருள்காரரிடம் இதை எழுத்தில் கேளுங்கள்.

அடுத்து, இருப்பை எந்த மென்பொருள் சொல்வது இறுதி என்பதை முதலில் தீர்மானியுங்கள். எங்கள் கடையில் பில் மென்பொருளிலும் குடோன் மென்பொருளிலும் ஆளுக்கொரு பக்கம் திருத்திக்கொண்டிருந்த வரை எந்த மாதமும் கணக்கு ஒத்ததில்லை. குடோனில் மட்டும் திருத்துவது, மற்றது அதை வாங்கிக்கொள்வது என்று ஆக்கிய பிறகுதான் மூச்சு விட்டோம். இரவில் கடை அடைத்ததும் இரண்டின் இருப்பையும் பொருள்வாரியாக ஒப்பிட்டு, ஒவ்வாதவற்றை மட்டும் காலையில் பார்த்தால் போதும். இருப்பு குறைந்த அன்றே தேடினால் சீட்டு மேசையில் இருக்கும். மாதம் கழித்துத் தேடினால் ஞாபகமும் இருக்காது.

எண்ணுகிறவருக்குத் திரையிலுள்ள எண்ணைக் காட்டாதீர்கள். எங்கள் குடோனில் முப்பது ஆண்டாக எண்ணும் மூத்தவர் ஒருவர் இருக்கிறார், காக்கா என்று அழைப்போம். வெறும் தாளைக் கொடுத்தால்தான் எண்ணுவேன் என்பார். எண் எழுதிய தாளைக் கொடுத்தால் கண் அந்த எண்ணைத் தேடிப் போகும் என்பது அவர் காரணம். வண்டியில் ஏறி இன்னும் பில் ஆகாத சரக்குக்கு 'வழியில்' என்று ஒரு தனி இடம் வையுங்கள். குளிர்கிடங்கு வைத்திருப்பவர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் தடைக்காலமே முழு எண்ணிக்கைக்கு ஏற்ற காலம், ஏனெனில் அப்போது வரவு குறைவு.

டேலியில் பிசிக்கல் ஸ்டாக் வவுச்சர் போட்டு வித்தியாசத்தைச் சரிசெய்துவிட்டோம் என்று நிம்மதி அடைபவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். அது எண்ணிய அளவை இருப்பாக்கும். ஏன் குறைந்தது என்று கேட்காது. ஜி.எஸ்.டி. சட்டத்தின் 35 ஆவது பிரிவு சரக்கிருப்புக்குச் சரியான கணக்கு வைக்கச் சொல்கிறது. தொலைந்த, திருடுபோன, அழிந்த, கணக்கிலிருந்து தள்ளப்பட்ட சரக்குக்கு 17(5) பிரிவின்படி உள்ளீட்டு வரி வரவும், அதாவது வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் சலுகையும், கிடையாது. ஆகவே காய்ச்சல் கழிவா, உடைந்ததா, இரட்டைப் பதிவா என்று காரணத்தை எழுதாமல் ஒரு கிலோவைக்கூடத் திருத்த விடாதீர்கள்.

பாம்பனிலிருந்து

காரணம் எழுதச் சொல்வது சரி, ஆனால் எங்களுக்கு எழுதக் காரணமே தெரியவில்லை. உறையவைத்த 2 கிலோ கட்டி பத்து கொண்ட பெட்டியும், 1.8 கிலோ கட்டி ஆறு கொண்ட பெட்டியும் ஒரே பொருள் எண்ணில் இருந்தன. ஒரு பெட்டிக்கு 20 கிலோ என்றே மென்பொருள் பெருக்கியது. 10.8 கிலோ பெட்டிகள் அறுபது இருந்த அடுக்கு, 648 கிலோவுக்குப் பதிலாக 1,200 கிலோவாகத் திரையில் நின்றது. பெட்டி எண்ணிக்கை ஒத்திருந்ததால் எண்ணிய எங்களுக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை.

மண்டபத்திலிருந்து, மீண்டும்

கீழக்கரை நண்பர் சொன்ன தனி எண் எங்களுக்கு ஆகஸ்டில் வந்துவிட்டது; அதன் பிறகு இரட்டைப் பதிவு இல்லை. நான் சிக்னலைக் காரணமாகச் சொல்லவில்லை, நண்பரே. சுவரில் சரியான எண் இருந்தும் அதை யாரும் இருப்புப் பதிவாக மதிக்காததையே எழுத வந்தேன். மறுநாள் காலையில் நானே அண்ணனிடம் போய், தவறு எங்கள் பதிவில் என்று மற்றவர்கள் முன்னிலையில் சொன்னேன். இப்போது முன்னறையில் ஒரு கரும்பலகை இருக்கிறது. சரக்கு உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும் அவருடைய கோடுகளையும் ஸ்கேனர் எண்ணிக்கையையும் ஒப்பிட்டு, கதவை மூடுமுன் இருவரும் கையெழுத்திடுகிறோம். நேற்று 540 பெட்டி ஏற்றினோம், இரண்டும் ஒத்திருந்தன.