நர்சிங்குக்கு சைக்காலஜி எதுக்கு?

நர்சிங்_பிள்ளை: கொழும்பில நர்சிங் முதல் வருசம் படிக்கிறன், அனாட்டமி பரவாயில்ல, சைக்காலஜிதான் மண்டைக்குள்ள போகுதில்ல, பாவ்லோவின்ர நாய், மாஸ்லோ முக்கோணம் எல்லாம் வார்டில எதுக்கு??

வெள்ளவத்தை_அக்கா: உதவும் தங்கச்சி. புற்றுநோய்க்கு கீமோ எடுக்கிற சிலருக்கு மருந்து ஏத்த முதலே, ஆஸ்பத்திரி மணம் பட்டாலே சத்தி வரும், அது பாவ்லோவ் நாயில காட்டின கண்டிஷனிங்தான், ரெண்டு விசயம் சேந்து சேந்து வந்தா ஒண்டு வந்தாலே உடம்பு மற்றதுக்கு ரெடியாகிடும். மாஸ்லோ முக்கோணமும் உதவும், உடம்புக்குத் தேவையானது அடியில, மனசுக்குத் தேவையானது அதுக்கு மேல, அதால மூச்சுத் திணறுற ஆளுக்கு முதல்ல ஒக்சிஜன், ஆறுதல் கதை பிறகு.

நைட்_டியூட்டி: சாகப்போறம் எண்டு தெரிஞ்ச நோயாளிகளின்ர மனநிலை பற்றி மனநல டொக்டர் கூப்ளர் ராஸ் 1969ல எழுதின அஞ்சு கட்டமும் பாடமாக்குங்கோ, மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு. சோதனைக்கு ஓகே, ஆனா எல்லாரும் அதே வரிசையில போவினம் எண்டு நம்பாதேங்கோ, கோபத்திலயே நிக்கிற ஆக்களும் இருக்கினம் (திட்டு விழுறது எங்களுக்குத்தான்).

நர்சிங்_பிள்ளை: கீமோ கதை நல்லா விளங்குது அக்கா. நோட்ஸ் இருந்தா அனுப்புங்கோ, சிங்களத்தில எண்டாலும் பரவாயில்ல.