எஃப்.ஐ.ஆரை "அழிக்க" மதுரை போன கதை: உங்களுக்கு நடந்ததையும் சொல்லுங்கள்

திருவட்டாறுக்காரன்:

நாற்பதாயிரம் தந்தால் எஃப்.ஐ.ஆரைக் கம்ப்யூட்டரிலிருந்தே தூக்கிவிடலாம் என்று ஒரு ஏஜென்ட் சொன்னான். 2023 தொடக்கம். கத்தாரில் ஏ.சி. மெக்கானிக் வேலை உறுதியாகிவிட்டது, என் பேரில் கிடந்த ஒரு எஃப்.ஐ.ஆரால் போலீஸ் கிளியரன்ஸ் சர்டிபிகேட் மட்டும் வரவில்லை. அவன் பேச்சைப் பாதி நம்பிவிட்டேன். வீட்டுக்காரியிடம் வளையலைக் கேட்டபோது, "கழற்றித் தாறேன். ஆனா அதுக்கு முன்ன ஒரு வக்கீலப் பாத்துட்டு வாங்க" என்றாள். வளையல் இன்னும் அவள் கையில்தான் கிடக்கிறது.

வழக்கு 2019-இல் வந்தது. பெரியப்பா நிலத்துக்கும் எங்கள் நிலத்துக்கும் நடுவில் ஒரு பிலாமரம். மூடு, அதாவது அடிமரம், எங்கள் பக்கம்; சக்கை (பலாப்பழம்) காய்ப்பதெல்லாம் அவர் பக்கம். வேலி மாற்றும்போது வாய்ச்சண்டை, தள்ளுமுள்ளு, அவர் முழங்கையில் சிராய்ப்பு. புகார் வாங்கியதற்குத் தருகிற சி.எஸ்.ஆர். ரசீதோடு நின்றிருக்க வேண்டிய விஷயம். யாரோ அவரைக் கிளப்பிவிட, மறுநாளே எஃப்.ஐ.ஆர். ஆகிவிட்டது. இந்தியத் தண்டனைச் சட்டம் 294 பி, 323, 506 ஒன்று. அதாவது கெட்ட வார்த்தை, அடி, மிரட்டல். நம்மூரில் வேலிச் சண்டையோ பங்காளிச் சண்டையோ, இந்த மூன்றும் கூடப்பிறந்த மாதிரி சேர்ந்தேதான் வரும். கைது காட்டி, சாயங்காலமே ஸ்டேஷன் ஜாமீனில் விட்டார்கள். அதோடு தீர்ந்தது என்று நினைத்து எர்ணாகுளத்துக்கு வேலைக்குப் போய்விட்டேன். இங்கே குற்றப்பத்திரிகை தாக்கலாகி, மாஜிஸ்திரேட் கோர்ட்டில் சி.சி. நம்பரும் (வழக்கு எண்) விழுந்திருக்கிறது. சம்மன் கொண்டுவந்தவரிடம் அம்மா, "அவன் ஊர்ல இல்ல" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டாள்.

தக்கலையில் பார்த்த வக்கீல் அண்ணாச்சி காகிதங்களை ஒன்றுக்கு இரண்டு முறை படித்தார். "ஏஜென்ட் சொன்னத மறந்துரு தம்பி. நம்ம சட்டத்துல எஃப்.ஐ.ஆரை அழிக்கிறதுன்னு ஒண்ணு கிடையாது. ரத்து பண்ணலாம், விடுதலை வாங்கலாம், சமாதானமா முடிக்கலாம். பழைய பேப்பர் அங்கேயேதான் கெடக்கும். அதுக்கு மேல நாம ஒரு பெரிய பேப்பரக் கொண்டுபோய் வைக்கணும்."

சமாதானம் என்றால் உள்ளூர் கோர்ட்டிலேயே முடியாதா என்று கேட்டேன். அப்போதுதான் எனக்கு ஒரு விஷயம் புரிந்தது. 323, 506 ஒன்று ஆகிய இரண்டையும் புகார் கொடுத்தவர் சம்மதித்தால் மாஜிஸ்திரேட் முன்னாலேயே சமரசம் செய்து முடிக்கலாம், அது விடுதலைக்குச் சமம். ஆனால் 294 பி அந்தப் பட்டியலில் இல்லை. முழங்கைச் சிராய்ப்பைச் சமரசம் செய்யலாம், கெட்ட வார்த்தையைச் செய்ய முடியாது. அது பொது இடத்தில் பேசியது, பெரியப்பாவுக்கு மட்டும் எதிரான குற்றம் இல்லையாம். அதனால் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 482-இன் கீழ் ஹைகோர்ட்டின் மதுரைக் கிளைக்கே போக வேண்டும். இப்படித் தனிப்பட்ட சண்டையாக இருந்து இரு தரப்பும் சமாதானமாகிவிட்டால், சமரசத்துக்கு இடமில்லாத பிரிவு இருந்தாலும் ஹைகோர்ட் ரத்து செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் 2012-இல் சொன்ன கியான் சிங் வழக்குத் தீர்ப்பைத்தான் எங்கள் மனுவில் போட்டிருந்தார்கள்.

சட்டம் இவ்வளவுதான். பெரியப்பாவைச் சம்மதிக்க வைத்ததுதான் பெரும்பாடு.

முதல் தடவை போனபோது கேட்டையே திறக்கவில்லை. வேலிக்கு இந்தப் பக்கம் நின்றே பேசினேன். "எதுக்குலே வந்த? அண்ணைக்குப் பிலாமூட்டுல வச்சு என்னத்த எல்லாம் சொன்ன, ஓர்மை இருக்கா?" எனக்கு நன்றாகவே ஓர்மை இருந்தது. இரண்டாம் தடவை பெரியம்மா சாயா கொண்டுவந்து வைத்தாள், அவர் பேப்பரை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. மூன்றாம் தடவை அவரே ஆரம்பித்தார். "நீ கத்தாருக்குப் போனா ஒனக்க அம்மைய ஆரு பாப்பா?" பெண்டாட்டி பிள்ளைகள் கூட இருப்பார்கள் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "செரி, மதுரைக்கு வாறேன். ஏ.சி. பஸ்ஸு வேண்டாம், எனக்குச் சேராது. பின்னே, அந்தப் பிலாவ ஆரும் தொடப்பிடாது" என்றார்.

வடசேரியில் ராத்திரி பஸ் ஏறி விடியும்போது மாட்டுத்தாவணி. அங்கிருந்து மேலூர் ரோட்டில் ஆட்டோ. யானைமலை நீளமாகப் படுத்துக் கிடக்க, இந்தப் பக்கம் கோர்ட். 2004 ஜூலையில் மதுரைக் கிளை திறக்கும்வரை இதற்கெல்லாம் சென்னைதான் போக வேண்டும். பெரியப்பாவைச் சாதா பஸ்ஸில் சென்னைவரை கூட்டிப்போவதை நினைத்துக்கொண்டேன்.

எங்கள் வழக்கைக் கூப்பிட மதியம் ஆகிவிட்டது. ஸ்டேஷனிலிருந்து வந்திருந்த எஸ்.எஸ்.ஐ. (சிறப்பு சப்-இன்ஸ்பெக்டர்) எங்கள் இருவரையும் அடையாளம் சொன்னார். ஆதார் பார்த்தார்கள், இருவரும் கையெழுத்துப் போட்ட சமாதான மெமோவைப் பார்த்தார்கள். யாராவது கட்டாயப்படுத்தினார்களா என்று நீதிபதி பெரியப்பாவிடம் கேட்டார். "இல்ல ஐயா, எனக்க தம்பிக்க மகனாக்கும்" என்றார். அவ்வளவுதான். இரண்டு நிமிஷம்கூட இருக்காது. நாலு வருஷம் பேசாத மனுஷன்.

அப்புறம்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஆர்டர் கிடைத்ததும் எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று நானும் இருந்துவிட்டேன். கிளியரன்ஸுக்கு இரண்டாவது முறை 500 ரூபாய் கட்டிப் போட்டபோது, ஸ்டேஷனில் "சிஸ்டத்துல பென்டிங்னுதான் காட்டுது" என்றார்கள். சான்றிட்ட நகலை மாஜிஸ்திரேட் கோர்ட்டில் ஒன்று, ஸ்டேஷனில் கொடுத்து இன்னொரு பிரதியில் சீல் வாங்கி ஒன்று, நாகர்கோவில் எஸ்.பி. ஆபீசுக்கு ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் ஒன்று என்று அனுப்பிய பிறகுதான் மாறியது. அதற்குள் கத்தார் விசா காலாவதி. இப்போது மஸ்கட்டில் இருக்கிறேன். மதுரை வக்கீலுக்கும் சேர்த்து மொத்தம் 25 ஆயிரம் ஆயிற்று, ஏஜென்ட் கேட்டதைவிடக் குறைவு.

கடற்கரைப் பய:

அண்ணாச்சிக்குச் சமாதானம் பேசப் பெரியப்பா இருந்தார். எங்கள் வழக்கில் புகார்தாரரே போலீஸ்தான், யாரிடம் போய்ச் சாயா குடிக்க?

2017 நவம்பர் 30, ஒக்கி புயல். கடலுக்குப் போனவர்கள் திரும்பவில்லை. தேடச் சொல்லி ரோட்டில் உட்கார்ந்தோம். ஒரு நாள் பிடித்துக் கல்யாண மண்டபத்தில் வைத்துச் சாப்பாடும் போட்டு மாலையில் விட்டார்கள். பெயரும் அப்பா பெயரும் எழுதிக்கொண்டார்கள். கணக்குக்கு எழுதுகிறார்கள் என்றுதான் நினைத்தோம். 2020-இல் பஹ்ரைனில் படகு வேலைக்காக பாஸ்போர்ட் போட்டபோது தெரிந்தது: 143, 188, 341. அதாவது சட்டவிரோதமாகக் கூடியது, உத்தரவை மீறியது, வழிமறித்தது. அதிலும் அப்பா பெயர் தப்பு.

பாஸ்போர்ட் ஆபீசிலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. வக்கீல் அக்கா அசரவில்லை. பாஸ்போர்ட் சட்டம் 6(2)(எஃப்) சொல்வது கிரிமினல் கோர்ட்டில் நிலுவையில் உள்ள வழக்கைப் பற்றி. குற்றப்பத்திரிகை போகாமல், கோர்ட் கையில் எடுக்காமல், வெறும் எஃப்.ஐ.ஆர். ஸ்டேஷனில் கிடந்தால் அது நிலுவை வழக்கு ஆகாது என்று பதில் போட்டார். கோர்ட்டில் நிலுவையிலேயே இருந்தால்கூட, அந்தக் கோர்ட்டில் அனுமதி வாங்கிக் குறைந்த காலத்துக்கு பாஸ்போர்ட் எடுக்கலாம், 1993-இல் வந்த அரசு அறிவிப்பு இருக்கிறது. அனுமதியில் காலம் குறிப்பிடாவிட்டால் ஒரு வருஷத்துக்குத் தருவார்கள்.

ரத்துக்கும் தனியாக மனுப் போட்டோம். அவர் பிடித்தது இரண்டு விஷயம். ஒன்று, 188 என்பது அரசு ஊழியரின் உத்தரவை மீறியது. அதற்கு அந்த அதிகாரி எழுத்தில் கோர்ட்டுக்குப் புகார் கொடுக்க வேண்டும், போலீஸ் தானாக எஃப்.ஐ.ஆர். போட முடியாது. 2018 செப்டம்பரில் மதுரைக் கிளையே ஜீவானந்தம் வழக்கில் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. இரண்டாவது, இந்தப் பிரிவுகளில் எதற்கும் ஆறு மாதத்துக்கு மேல் தண்டனை கிடையாது. அப்படிப்பட்ட குற்றத்துக்கு ஒரு வருஷத்துக்குள் கோர்ட் கையில் எடுக்க வேண்டும் என்கிறது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 468-வது பிரிவு. எங்கள் வழக்கில் மூன்று வருஷமாகியும் குற்றப்பத்திரிகையே இல்லை. நான் மதுரைக்குப் போகவே இல்லை. பஹ்ரைனில் வலை இழுத்துக்கொண்டிருக்கும்போது வாட்ஸ்அப்பில் ஆர்டர் வந்தது.

ஒன்றே ஒன்று. அந்த எஃப்.ஐ.ஆரில் இருந்த மற்றவர்களுக்கு இன்னும் வழக்கு நிற்கிறது. மனுப் போட்டவனுக்கு மட்டும்தான் ரத்து. ஒரே மனுவில் எல்லோரும் சேர்ந்திருக்கலாம், நாங்கள் யோசிக்கவில்லை.

ராஜாக்கமங்கலம் அக்கா:

என் தம்பிக்கு நடந்தது வேறு மாதிரி. காலேஜ் சண்டை, விசாரணை நடந்து விடுதலையே ஆகிவிட்டான். லட்டு கொடுத்தோம். பிறகு போலீஸ் வேலைக்கு எழுத்துத் தேர்வு, உடல் தகுதி எல்லாம் பாஸாகி, கடைசியில் நிராகரித்துவிட்டார்கள். தீர்ப்பில் "சந்தேகத்தின் பலனை அளித்து" என்று ஒரு வரி இருந்ததாம். தமிழ்நாடு போலீஸ் விதியில் அப்படி விடுதலையானவரையும், புகார்தாரர் பிறழ்சாட்சியாகி விடுதலையானவரையும் வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே எடுத்துக்கொள்வார்கள். 2008-இல் ஹைகோர்ட் முழு அமர்வும் அந்த விதியை ஒத்துக்கொண்டிருக்கிறது. யூனிஃபார்ம் வேலை மனதில் இருக்கிற பிள்ளைகளின் பெற்றோர், எப்படியாவது வெளியே வந்தால் போதும் என்று வக்கீலிடம் சொல்லாதீர்கள். எந்த வார்த்தையில் வெளியே வருகிறோம் என்பதைக் கேளுங்கள். விண்ணப்பத்தில் வழக்கை மறைக்கவும் வேண்டாம். தம்பி மறைக்கவில்லை, அது ஒன்றுதான் ஆறுதல். இப்போது தனியார் வங்கியில் இருக்கிறான்.

பழைய குமாஸ்தா:

முப்பது வருஷம் வக்கீல் ஆபீசில் இருந்தவன். இரண்டு திருத்தம்.

2024 ஜூலை 1-க்குப் பிறகு எண்கள் மாறிவிட்டன. 482 இப்போது பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 528. 294 பி இப்போது பி.என்.எஸ். (புதிய தண்டனைச் சட்டம்) 296 பி. எண் மாறியதே தவிர கதை மாறவில்லை, அதுவும் சமரசப் பட்டியலில் இல்லை.

இன்னொன்று, "அழிப்பது" என்ற சொல் நம் சட்டத்தில் ஓரிடத்தில் உண்டு. கைதின்போது எடுக்கிற விரல் ரேகை, போட்டோ விஷயத்தில். 1920-ஆம் வருஷச் சட்டத்திலேயே இருந்தது, அதற்குப் பதிலாக வந்த 2022 சட்டத்திலும் இருக்கிறது. முன்பு தண்டனை பெறாத ஒருவர் விசாரணையின்றி விடுவிக்கப்பட்டாலோ, மேல்முறையீடெல்லாம் முடிந்து விடுதலையானாலோ, கோர்ட் எழுத்தில் வேறு மாதிரி சொல்லாதவரை அந்தப் பதிவுகளை அழிக்க வேண்டும். மற்றபடி 75 வருஷம் வைத்திருக்கலாம். என் அனுபவத்தில் கட்சிக்காரர் ஒருவர்கூட இதைக் கேட்டு மனுக் கொடுத்ததில்லை.

நியூஜெர்சி மார்த்தாண்டம்:

இங்கே அமெரிக்காவில் வழக்குப் பதிவை நீக்குவதற்கு எக்ஸ்பஞ்ச்மென்ட் என்று பெயர். மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. என்னோடு வேலை பார்க்கும் ஒருவருக்கு, தள்ளுபடியான ஒரு கைதை அட்டர்னி வைத்து இந்த வழியில் நீக்கினார்கள். வேலைக்கான பின்னணிச் சோதனையில் வராது. அதை நம்பிக் குடியுரிமை விண்ணப்பத்தில் "கைதானதில்லை" என்று போடப் போனார். இமிக்ரேஷன் வக்கீல் தலையில் அடித்துக்கொண்டார். அந்த படிவம் நீக்கப்பட்ட கைதையும் சேர்த்துத்தான் கேட்கிறது. ஊரிலிருந்து அமெரிக்க விசா போடுகிறவர்களுக்கும் இதே கேள்வி வரும். ரத்தான வழக்காக இருந்தாலும் கைதானது உண்மை என்றால் ஆம் என்று போட்டு ஆர்டரைக் கொண்டுபோங்கள்.

குலசேகரம் டீச்சர்:

என் கணவர் வழக்கில் முழு விடுதலை. ஆனால் பெயரைத் தேடினால் தீர்ப்பு முதல் பக்கத்திலேயே வருகிறது. மகளுக்கு வரன் பார்க்கிறோம். யாரிடம் கேட்பது?

பழைய குமாஸ்தா:

டீச்சர், இதே குறையோடு ஒருவர் மதுரைக் கிளைக்குப் போனார். 2021-இல் தனி நீதிபதி அனுதாபப்பட்டாலும், இதற்குச் சட்டம் வர வேண்டும் என்று மறுத்துவிட்டார். 2024-இல் இரண்டு நீதிபதிகள் அமர்வு பெயரை மறைக்க உத்தரவிட்டது. அதே வருஷம் ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவுக்குத் தடை போட்டது. அதைக் காட்டி இப்போது உறுதியாக எதுவும் வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். வரன் வீட்டாரிடம் தீர்ப்பின் கடைசிப் பக்கத்தை நீங்களே முதலில் காட்டிவிடுவது நல்லது.

கடற்கரைப் பய:

திருவட்டாறு அண்ணாச்சி, சான்றிட்ட நகல் எத்தனை எடுத்தீர்கள்? கூட்டாளி ஒருவன் இப்போதுதான் மனுப் போடுகிறான்.

திருவட்டாறுக்காரன்:

ஐந்து எடுத்தேன். எடுத்தால் லேமினேட் செய்யாதீர்கள். ஒன்றை நான் லேமினேட் செய்து கொண்டுபோக, சீல் தடவிப் பார்க்க முடியவில்லை என்று திருப்பிவிட்டார்கள். மூன்று இடத்துக்கு மூன்றும், லேமினேட் செய்தது ஒன்றுமாக நாலு போய்விட்டது. ஐந்தாவதைப் பெரியப்பா கேட்டு வாங்கிக்கொண்டார், நிலப் பத்திரத்தோடு பெட்டியில் வைத்திருக்கிறார். இந்த வருஷம் சக்கை இரண்டு வீட்டுக்கும் வந்தது.