ஆனைமலை ஓடையில் கிடைத்த கல் ஈ: சிற்றினம் வரை போக முடியுமா?

ஓடைக்கரை:
வால்பாறைப் பக்கம், வேகமாக ஓடும் ஓடையில் கல்லுக்கு அடியில் எடுத்த கல் ஈ (ஸ்டோன்ஃப்ளை) இளம்பூச்சி (வனத்துறை அனுமதி உண்டு). வால் நீங்கலாக 14 மி.மீ. மஞ்சள் உடம்பில் பழுப்புத் திட்டுகள், இரண்டு வால், கால் அடியில் குஞ்சம் மாதிரி செவுள். 80% எத்தனாலில் இருக்கிறது. நியோபெர்லா என்ற பேரினம் என்று நினைக்கிறேன். சிற்றினப் பெயர் எப்படிக் கண்டுபிடிப்பது?

கூழாங்கல்:
முதலில் மேஃப்ளை (இதேபோல் நீரில் வளரும் வேறொரு பூச்சி வகை) இல்லை என்று உறுதி செய்யுங்கள். சில மேஃப்ளைகளுக்கும் வால் இரண்டுதான், அதனால் வாலை மட்டும் நம்ப வேண்டாம். பாத நுனியைப் பாருங்கள்: கல் ஈக்கு இரண்டு நகம், மேஃப்ளைக்கு ஒன்று. மேஃப்ளைக்குச் செவுள் வயிற்றின் ஓரத்தில் இருக்கும். உங்களுடையதில் கிளை பிரிந்த செவுள் மார்பில் இருப்பதால் கல் ஈக்களில் பெர்லிடே குடும்பம்.

அடுத்து தலையில் உள்ள எளிய கண்கள். பெர்லிடேயில் பல பேரினங்களுக்கு மூன்று, நியோபெர்லாவுக்கு இரண்டு. ஆனால் அதே குடும்பத்து ஃபனோபெர்லாவுக்கும் இரண்டுதான், இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். இளம்பூச்சியை வைத்துச் சிற்றினப் பெயர் எழுதாதீர்கள். திட்டுகளின் வடிவம் ஒரே ஓடையிலேயே மாறும்.

மலையருவி:
வளர்ந்த ஆண் பூச்சி வேண்டும். இரண்டு வழி. ஓடையோரம் இரவில் வெள்ளைத் துணியும் விளக்கும் வைத்தால் நியோபெர்லா வந்து உட்காரும். இல்லையென்றால் இறக்கை மொட்டு கறுத்த, அதாவது வளர்ந்த பூச்சியாக வெளிவரத் தயாரான இளம்பூச்சியைப் பிடித்து வளர்க்கலாம். அதை மூடிய பாட்டிலில் தண்ணீரோடு கொண்டுவந்தால் ஆக்ஸிஜன் தீர்ந்து வழியிலேயே செத்துவிடும். ஈரப்பாசி நிரப்பிய டப்பாவில், ஐஸ் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவாருங்கள். ஒன்றை ஒன்று தின்னும், ஆளுக்கொரு டப்பா. வளர்க்கும் தொட்டியில் காற்று மோட்டார், குளிர்ந்த நீர், நீருக்கு மேலே நீட்டிய கல் அல்லது குச்சி, மேலே வலை. வெளிவந்ததும் ஒரு நாள் விடுங்கள். உடனே எத்தனாலில் போட்டால் உறுப்புகள் இறுகாமல் சுருங்கிப்போகும். உரித்த தோலையும் அதே குப்பியில் வையுங்கள்; இளம்பூச்சியும் வளர்ந்ததும் ஒரே பூச்சி என்பதற்குச் சாட்சி அதுதான்.

ஓடைக்கரை:
விளக்கில் விழுந்த ஆண் ஒன்று இருக்கிறது. ஆண்குறி வெளியே தெரியவில்லையே?

கூழாங்கல்:
உள்ளே மடங்கி இருக்கும். டிஎன்ஏ வேண்டுமென்றால் முதலில் ஒரு காலை எடுத்து 95% எத்தனாலில் தனியாக வைத்துவிடுங்கள், பின்னால் சொல்லும் காரக் கரைசலில் போட்ட திசு அதற்கு உதவாது. அப்புறம் முதுகுப் பக்கம் வயிற்றின் 7, 8, 10ஆம் கண்டங்களின் முட்களையும் நீட்சிகளையும் வரைந்துகொள்ளுங்கள். பிறகு 6ஆம் கண்டத்தின் பக்கம் வெட்டி, வயிற்று நுனியை 10% பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் அறை வெப்பத்தில் இரவு முழுதும் ஊறவிடலாம். கொதிக்க வைத்தால் சவ்வு குழைந்து கிழியும். தண்ணீரில் அலசி, ஒரு சொட்டு வினிகர் விட்ட தண்ணீரில் இன்னொரு முறை அலசுங்கள். மெல்லிய இடுக்கியால் ஆண்குறிக் குழலை வெளியே இழுத்து, அதற்குள் மடிந்த பையைச் சட்டைக் கையைப் புரட்டுவதுபோல் மெதுவாகப் புரட்டுங்கள். குழலின் வளைவு, பையின் நீளம், அதில் முட்கள் நிற்கும் வரிசை: நியோபெர்லா சிற்றினங்கள் பிரிவது பெரும்பாலும் இங்கேதான். புரட்டாமல் பார்த்த முள் கணக்கு தப்பாகும்.

நீர்ப்பாசி:
பெண் மட்டும் கிடைத்தால் வயிற்றில் முதிர்ந்த முட்டை இருக்கிறதா பாருங்கள். முட்டை வடிவமும் ஓட்டின் மேல்வரிகளும் நல்ல அடையாளம், ஆனால் அதே இடத்து ஆணோடு சேர்த்துப் பார்த்தால்தான் பெயர் நிற்கும்.

சிஓஐ பார்கோடு (சிற்றினம் அறிய ஒப்பிடும் டிஎன்ஏ துண்டு) பற்றி ஒன்று. தரவுத்தளத்தில் வரும் முதல் பொருத்தத்தைப் பெயராக எடுக்காதீர்கள். உங்கள் சிற்றினமே அங்கே இல்லையென்றாலும் ஏதோ ஒரு நெருங்கிய பெயர் மேலே வரும். ஆணின் குழல், முட்டை, பார்கோடு மூன்றும் ஒத்துப்போகும் வரை லேபிளில் ‘நியோபெர்லா எஸ்பி.’ (சிற்றினம் உறுதியாகவில்லை என்று பொருள்) என்றே எழுதுங்கள். கூடவே ஓடையின் பெயர், கடல்மட்ட உயரம், ஆயத்தொலைவு, தேதி. வெட்டிய வயிற்று நுனியைச் சின்னக் குப்பியில் போட்டு, அதே லேபிள் எண்ணோடு பூச்சியின் குப்பிக்குள்ளேயே வையுங்கள்.