தலைசுற்றலுக்குப் பிசியோதெரபி: எங்கள் அனுபவங்கள்

விடியற்காலையில் இடது பக்கம் புரண்டு படுத்தேன். கூரை சுழல ஆரம்பித்தது. கட்டில் விளிம்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அரை நிமிடம்கூட இருக்காது, நின்றுவிட்டது. எழுந்து உட்கார்ந்தால் மறுபடியும் ஒரு சுற்று.

ரத்த அழுத்தம், சர்க்கரை, கழுத்தெலும்புத் தேய்மானம் என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். மூன்று வாரம் மாத்திரை போட்டேன். பயத்தில் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடியே தூங்கினேன். யாராவது கூப்பிட்டால் உடம்போடு சேர்த்துத்தான் திரும்புவேன்.

கடைசியில் காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் அனுப்பினார். "சுத்துதா, தள்ளாடுதா? எவ்வளவு நேரம்? எந்தப் பக்கம் திரும்பினா வருது?" இதைத்தான் அவர் முதலில் கேட்டார். அப்புறம் என் தலையை 45 டிகிரி இடது பக்கம் திருப்பி, சட்டென்று மல்லாக்கப் படுக்கவைத்தார். தலை மேசை விளிம்புக்கு வெளியே சற்றுத் தொங்கியது. "எவ்வளவு சுத்தினாலும் கண்ணை மூடாதீங்க, என் மூக்கையே பாருங்க" என்றார். இரண்டு மூன்று விநாடி ஒன்றுமில்லை. பிறகு அவர் முகமே சுழன்றது. என் கருவிழி தானாகத் துடிப்பதைத்தான் அவர் கவனித்துக்கொண்டிருந்தாராம். டிக்ஸ்-ஹால்பைக் சோதனை என்றார்.

உள்காதில் ஓரிடத்தில் ஒட்டியிருக்க வேண்டிய கால்சியம் கார்பனேட் துகள்கள் கழன்று, தலை திரும்புவதை உணரும் அரைவட்டக் குழாய்க்குள் போய்விடுகின்றன. நாம் தலையை நிறுத்திய பிறகும் அவை உள்ளே நகர்வதால், இன்னும் சுற்றுகிறோம் என்று மூளைக்குச் செய்தி போகிறது. மாத்திரை குமட்டலை அடக்கலாம், துகளை நகர்த்தாது. இதை யாராவது முதல் நாளே சொல்லியிருந்தால் மூன்று வாரம் அப்படிப் பயந்திருக்க மாட்டேன்.

அப்போதே எப்லி முறையைச் செய்தார். ஜான் எப்லி என்ற அமெரிக்க மருத்துவர் உருவாக்கி 1992-ல் கட்டுரையாக வெளியிட்டது. தொங்கிய தலையை மெதுவாக வலது பக்கம் திருப்பி, அப்படியே உடம்பையும் புரட்டி, மூக்கு தரையைப் பார்க்கும்படி வைத்து, பிறகு உட்காரவைத்தார். ஒவ்வொரு நிலையிலும் ஒரு நிமிடம் போல. அடுத்த முறை போனபோது அதே சோதனையில் என் கண் அசையவே இல்லை. அன்றிரவு இடது பக்கம் திரும்பிப் படுத்தேன்.

*

மேலே சொன்னவரைப் போல எனக்கும் துகள்தான் காரணம் என்று நினைத்து, வீடியோ பார்த்து எப்லியை நானே செய்தேன். பலனில்லை. எனக்கு வந்தது ஒரு நிமிடத்துக்குள் நின்றுபோகும் சுற்று இல்லை, இரண்டு நாள் ஓயாமல் சுற்றியது. மருத்துவமனையில் முதலில் பக்கவாதம் இல்லை என்று உறுதிசெய்தார்கள். பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, கை கால் பலவீனம் இருந்தால் பயிற்சி கியிற்சி என்று நேரம் கடத்தாமல் உடனே ஓடுங்கள்.

எனக்குச் சமநிலை நரம்பில் அழற்சி. அட்டையில் 'அ' என்று எழுதிச் சுவரில் ஒட்டி, கண்ணை அதிலேயே வைத்துத் தலையை இடமும் வலமுமாக அசைக்கச் சொன்னார்கள். முதல் வாரம் எழுத்து குதித்தது, குமட்டியது, விட்டுவிடலாம் என்றுகூட இருந்தது. கொஞ்சம் கிறுகிறுத்தால்தான் மூளை பழகும் என்று பிசியோதெரபிஸ்ட் தைரியம் சொன்னார். விடாமல் தினமும் செய்தேன். இரண்டு மாதத்தில் 'அ' ஆடாமல் நின்றது.

*

அம்மாவுக்குத் துகள் பிரச்சினை ஒரே அமர்வில் சரியானது. ஆனால் விழுந்துவிடுவோமோ என்ற பயம் போகவில்லை. அதற்குத் தனியாக நடைப் பயிற்சி கொடுத்தார்கள். இப்போது கூடத்தில் சுவரைப் பிடிக்காமல், தலையை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டே நடக்கிறார். நான் ஓரடி பின்னால் வருகிறேன்.